தண்ணீர்த் துப்பாக்கி: எது தூரம் அடிக்கும், எது நாள்பட உழைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பொம்மையும் ஃபேன்சி சாமானும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. விற்பதோடு நிற்காமல், பழுதான தண்ணீர்த் துப்பாக்கிகளைத் திறந்து பார்த்துச் சரிசெய்தும் கொடுக்கிறோம். முழுப் பரீட்சை முடிந்ததும் ஆரம்பிக்கும் விசாரிப்பு, விஷு, மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பி, அதன் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு என்று மே கடைசி வரைக்கும் ஓயாது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்கள் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உடைந்த துப்பாக்கியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையைத் திட்டிக்கொண்டேதான் படியேறுகிறார்கள். திறந்து பார்த்தால் பிள்ளை மேல் தப்பே இருக்காது. நம் போர்வெல் தண்ணீரின் உப்பு, மொட்டை மாடி வெயில், தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

எத்தனை வகை இருக்கிறது? எதை வாங்குவது?

நம் பக்கம் கிடைப்பவை நான்கு வகை. முதலாவது, விசையை இழுத்தால் பீச்சும் சின்னக் கைத்துப்பாக்கி. வீட்டில் கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டிலின் தலைக்குள் இருக்கும் அதே பம்புதான் இதற்குள்ளும் இருக்கிறது. ஒரு இழுப்புக்கு ஒன்றிரண்டு மில்லி தண்ணீர் வரும், மூன்று நான்கு மீட்டர் போகும். இரண்டாவது பீச்சாங்குழல். குழாயைத் தண்ணீரில் முக்கிக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். மூன்றாவது, பம்பு அடித்துக் காற்றை அடைத்துவிட்டு விசையை அழுத்துவது. நான்காவது பேட்டரியில் ஓடுவது. முதுகில் மாட்டும் டேங்க் வைத்தவை தனி வகை கிடையாது. இவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பெரிய டேங்கையும் ஒரு ஓஸையும் சேர்த்ததுதான்.

நாள்பட உழைக்க வேண்டுமென்றால் பீச்சாங்குழல்தான் என்று தயங்காமல் சொல்வோம். அதில் விசை கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. ஒரு குழாய், ஒரு தண்டு, ஒன்றிரண்டு ரப்பர் வளையம், அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. நல்ல பீச்சாங்குழல் எட்டு மீட்டர் சாதாரணமாக அடிக்கும். பார்க்கக் கவர்ச்சியாக இல்லை என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். விளையாட ஆரம்பித்த பிறகு கையை விட்டு வைக்க மாட்டார்கள்.

பெட்டியில் 10 மீட்டர், 12 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

அந்தத் தூரம் எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்திலிருந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது அளந்தது என்று பெட்டியில் இருக்காது. அதனால் அதை வைத்து இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். டேங்குக்குள் ஒரு பார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருந்தால், மூக்கிலிருந்து தண்ணீர் நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் கிளம்பும். குறுக்கே காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் அது 20 மீட்டர் போய் விழ வேண்டும். நடப்பில் அதில் பாதி போனாலே நல்ல துப்பாக்கி. தாரை கொஞ்ச தூரத்திலேயே துளித்துளியாக உடைந்துவிடுகிறது. துளி சின்னதாகச் சின்னதாகக் காற்று அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும். அதனால்தான் ஒரே அழுத்தமுள்ள இரண்டு துப்பாக்கிகளில், மூக்கின் உட்பக்கம் வழவழப்பாக இருப்பது தூரம் அடிக்கிறது. பிசிறு இருப்பது பக்கத்திலேயே சாரலாகக் கொட்டிவிடுகிறது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். காற்று அடங்கியிருக்கும் காலை நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் எந்த அளவும் நிற்காது. காய்ந்த செம்மண் தரையில் ஒரு கோடு போட்டு, கோட்டில் நின்று, மார்பு உயரத்தில் துப்பாக்கியைப் பிடித்து, மூக்கை லேசாக மேலே தூக்கி அடியுங்கள். 45 டிகிரி வேண்டாம், 30 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால்தான் தண்ணீர் அதிக தூரம் போகும். தூரத்தில் தெறித்துக் கிடக்கும் ஒற்றைத் துளிகளை விட்டுவிடுங்கள். மண் நன்றாக நனைந்து கறுத்திருக்கும் இடம் வரைக்கும் அளந்தால் அதுதான் உண்மையான தூரம். ஆளை நனைப்பது அந்தத் தண்ணீர்தான்.

முதலில் நன்றாக அடிக்கிறது, போகப் போகத் தண்ணீர் காலடியிலேயே விழுகிறது. பழுதா?

பம்பு அடிக்கும் வகையென்றால் பழுது இல்லை, அதன் இயல்பே அதுதான். அடைத்து வைத்த காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் வெளியேற வெளியேறக் காற்றுக்கு இடம் கூடும், அழுத்தம் இறங்கும். திரும்பவும் பம்பு அடிக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பக் கூடாது. ஒரு லிட்டர் டேங்கில் 900 மில்லி தண்ணீர் ஊற்றி ஒரு பார் அழுத்தம் ஏற்றினால், 100 மில்லி வெளியேறியதுமே தள்ளும் அழுத்தம் தீர்ந்துவிடும். அதே டேங்கில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றினால், அதே அழுத்தத்தில் 330 மில்லி வரைக்கும் வெளியேறும். ஆரம்பத்தில் பம்பு கொஞ்சம் அதிகம் அடிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரே மூச்சில் மூன்று மடங்குத் தண்ணீர் கிடைக்கிறது. "இது டுபாக்கூர் அண்ணா" என்று திருப்பிக் கொண்டுவந்த துப்பாக்கிகளில் எத்தனையோ, தண்ணீரைக் குறைத்து ஊற்றியதும் சரியாகிவிட்டன.

பம்பு அடிக்கும் வகையை யார் கண்டுபிடித்தார்கள்?

லானி ஜான்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். நாசாவின் விண்வெளித் திட்டங்களில் வேலை பார்த்தவர். 1982இல் வீட்டுக் குளியலறையில், தண்ணீரைக் கொண்டு இயங்கும் வெப்பப் பம்பு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து தாரை பீறிட்டு அடித்ததைப் பார்த்து இந்த யோசனை வந்தது. 1986இல் காப்புரிமை கிடைத்தது. 1990இல் பவர் டிரெஞ்சர் என்ற பெயரில் கடைக்கு வந்து, அடுத்த வருடம் சூப்பர் சோக்கர் ஆனது. அதுவரைக்கும் விரலின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் துப்பாக்கியின் பலம். கையால் பம்பு அடித்து பலத்தைச் சேர்த்து வைத்து, விரலால் திறந்துவிடலாம் என்று அவர் செய்த பிறகு ஆறு வயதுப் பிள்ளையும் பெரியவர்களைத் தூரத்திலிருந்து நனைக்க முடிந்தது. 1996இல் வந்த சிபிஎஸ் 2000 என்ற மாடலில் காற்றுக்குப் பதிலாக ரப்பர்ப் பை வைத்தார்கள். உப்பிய ரப்பர் சுருங்கும்போது ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் தள்ளும், அதனால் போன கேள்வியில் சொன்ன இறக்கம் அதில் அவ்வளவாக இல்லை.

பேட்டரித் துப்பாக்கி வாங்கலாமா?

விரலை அழுத்திப் பிடித்தால் போதும், தொடர்ந்து அடிக்கும். கையில் பலம் இல்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் உழைப்பு என்று பார்த்தால் நான்கு வகையிலும் கடைசி இடம் இதற்குத்தான்.

உள்ளே ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், ஒரு பிஸ்டன், 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி. அந்தப் பிஸ்டனின் ரப்பருக்குத் தண்ணீர்தான் வழவழப்பு. தண்ணீர் தீர்ந்த பிறகும் சத்தம் நன்றாக இருக்கிறதே என்று பிள்ளைகள் விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் ரப்பர் தேய்கிறது. தண்ணீர் நின்றதும் விரலை எடுக்கப் பழக்கிவிட்டாலே அதன் ஆயுள் கூடும். வாளியிலிருந்து நேரே உறிஞ்சும் மாடல் என்றால் வாளியின் அடியில் மண் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணல் துகள் போதும், பிஸ்டன் கோடு விழுந்துவிடும்.

விளையாடி முடித்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் போடும் துளையை மூடும் ரப்பர் எப்படியும் கொஞ்சம் ஈரம் விட்டிருக்கும். துடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் பெரியவர்கள் கண்ணெதிரில் சார்ஜ் போடுங்கள். பேட்டரி உப்பலாகத் தெரிந்தால் அதோடு சரி, அந்தப் பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடமாட்டார்கள். நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் இல்லாமலே சோதிக்கலாம், எந்தக் கடைக்காரரும் தடுக்க மாட்டார். பீச்சாங்குழல் என்றால் மூக்கை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு கைப்பிடியைப் பாதி வரைக்கும் இழுத்து, பிடியை விடுங்கள். கைப்பிடி படக்கென்று உள்ளே திரும்பிப் போனால் ரப்பர் நன்றாக அடைக்கிறது. இழுத்த இடத்திலேயே சோம்பி நின்றால் வேண்டாம். விசைத் துப்பாக்கியிலும் அதேபோல மூக்கை மூடிக்கொண்டு இழுத்தால், விரலுக்கு எதிராக ஒரு தாங்கல் தெரிய வேண்டும். தொளதொளவென்று வந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அப்புறம் உடம்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பாதியும் ஸ்க்ரூ போட்டுச் சேர்த்திருந்தால் பின்னால் திறந்து சரிசெய்யலாம். ஒட்டியே சேர்த்திருந்தால், உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் நகர்ந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். எங்கள் அனுபவத்தில் விலை வித்தியாசத்தைவிட இந்த ஸ்க்ரூ வித்தியாசம் பெரியது. நிரப்பும் மூடிக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, மூடி தொலையாமல் நாடாவால் பிணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, பேட்டரியில் ஓடுவதற்கு ஐஎஸ் 15644. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையானதா என்று தெரிந்துவிடும். கறுப்பு நிறத்தில் நிஜத் துப்பாக்கி போலவே இருப்பதைத் தவிர்த்து, பளிச்சென்ற நிறமாக எடுங்கள்.

"வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சுங்க அண்ணா, விசை இழுபடுது, தண்ணிதான் வரமாட்டேங்குது."

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். உறிஞ்சும் குழாயின் மேல்முனையில் கடுகு அளவுக்கு ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். விசையை விடும்போது மேலே எழும்பித் தண்ணீருக்கு வழிவிடும், இழுக்கும்போது கீழே உட்கார்ந்து அடைக்கும். நம் தண்ணீர் காய்ந்து உப்புப் படிந்தால் அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அல்லது ஒரு மண் துகள் நடுவில் சிக்கி, அடைக்க முடியாமல் போகும்.

டேங்கில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூக்கையும் வெந்நீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டு, விசையை இருபது முப்பது தடவை இழுங்கள். பெரும்பாலும் குண்டு விட்டுவிடும். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், உள்ளே என்ன தண்ணீர் தங்கியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதிலும் வரவில்லையென்றால் உறிஞ்சும் குழாய் கழன்று டேங்குக்குள் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னொன்று, டேங்கில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தால் குழாயின் நுனி தண்ணீருக்கு வெளியே வந்து காற்றைத்தான் உறிஞ்சும். நேராகப் பிடித்தால் சரியாகிவிடும்.

உப்புத் தண்ணீர் அவ்வளவு கெடுதலா?

ஆமாம், சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீட்டில் குழாய் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவு துப்பாக்கிக்குள்ளும் படிகிறது. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். மூக்கின் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கிறது. மெல்லிசாக ஒரு படலம் படிந்தாலே தாரை கோணலாகப் போகும். ரப்பர் வளையம் இந்தப் படிவின் மேல் உரசி உரசியே தேயும்.

விளையாடி முடித்ததும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிச் சில தடவை அடித்துக் காலிசெய்வது போதுமானது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஏற்கெனவே படிந்துவிட்டதென்றால் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து நிரப்பி, மூக்கு வரைக்கும் வரும்படி சில தடவை இழுத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து அடித்து வெளியேற்றுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும், ஆனால் துணியில் வடிகட்ட வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள். மூக்கில் ஊசி விட்டுக் குத்த வேண்டாம். உட்பக்கம் கீறல் விழுந்தால் தாரை உடைந்து சாரலாகிவிடும்.

பிஸ்டன் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் கை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான் போகும். இதில் அது நாசம். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். முதல் நாள் வழுக்கிக்கொண்டு ஓடும், சில நாளில் முன்னைவிட இறுகிக் கைப்பிடி அசையவே அசையாது. மண்ணெண்ணெயும் கிரீஸும் இன்னும் மோசம். சிலிக்கான் கிரீஸ் என்று கேளுங்கள், பிளம்பிங் சாமான் கடையில் சின்ன டியூபாகக் கிடைக்கும். வளையத்தைச் சுற்றி விரல் நுனியில் தொட்டுத் தடவினால் ஒரு சீசனுக்குக் காணும். அவசரத்துக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு நீர் விடலாம், ஆனால் அது இரண்டு மூன்று விளையாட்டுக்குத்தான் தாங்கும்.

மூடி வழியாக ஒழுகுகிறது.

வாஷர் போயிருக்கும். சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று வாங்கி, மூடியை அதன் மேல் வைத்து பேனாவால் கோடு போட்டு, வட்டமாக வெட்டி உள்ளே வையுங்கள். மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றினாலும் நிற்கும்.

விசையை இழுத்தால் திரும்பி வருவதில்லை.

ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்திருக்கும். மலிவான துப்பாக்கிகளில் சாதாரண இரும்பு ஸ்பிரிங்தான் வருகிறது. அது எந்நேரமும் தண்ணீரிலேயே இருக்கிறது. ஸ்க்ரூ போட்ட மாடல் என்றால் வீட்டிலேயே மாற்றலாம். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல் பாதியை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் ஸ்பிரிங் தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விடும். தூக்கியதும் எதையும் தொடுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது குண்டு எந்தப் பக்கம், வளையம் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

மாற்று ஸ்பிரிங்குக்கு எங்கேயும் அலைய வேண்டாம். காலியான சானிடைசர் அல்லது ஹேண்ட்வாஷ் பாட்டிலின் பம்புத் தலையைப் பிரித்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. கூடவே ஒரு சின்னக் குண்டும் இருக்கும். அளவு சரியாக இருந்தால் இரண்டையும் பயன்படுத்தலாம். கொஞ்சம் நீளமாக இருந்தால் ஒரு சுற்று வெட்டிக்கொள்ளலாம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் இந்த வேலையை அவர்கள் கையிலேயே கொடுங்கள், நீங்கள் கூட இருந்தால் போதும். ஒரு தடவை திறந்து பார்த்த பிள்ளை அந்தத் துப்பாக்கியை அப்புறம் தரையில் வீசாது.

டேங்க் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டினால் நிற்குமா?

விசை வகையும் முதுகு டேங்கும் என்றால் முயன்று பார்க்கலாம். பம்பு அடிக்கும் வகையின் அழுத்த டேங்க் என்றால் ஒட்டவே கூடாது. அழுத்தத்தில் ஒட்டு விட்டால் சில்லு முகத்தில் தெறிக்கும். அதைத் தூக்கிப்போடுவதுதான் வழி, இதில் சமாதானம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

ஒட்டும் முன் டேங்கின் அடியில் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலின். அதில் ஃபெவிக்விக்கோ எம்சீலோ பிடிக்காது, இரண்டு நாளில் தோலாக உரிந்து வரும். கெட்டியான, பளபளப்பான ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் எம்சீல் நிற்கும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

வெயிலில் கிடந்தால் என்ன ஆகிவிடப்போகிறது?

ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். மொட்டை மாடித் தளத்தின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை நாளாக நாளாக நொறுங்க வைக்கிறது. நிறம் வெளுத்து, தடவினால் கையில் மாவு ஒட்டுகிற மாதிரி ஆகிவிட்டால் அந்தப் பிளாஸ்டிக்கின் பலம் போய்விட்டது என்று அர்த்தம். கைப்பிடி விரலோடு உடைந்து வருவது அப்படித்தான்.

பம்பு அடித்த நிலையில் வெயிலில் விட்டுப் போவது இரட்டைக் கேடு. உள்ளே காற்று சூடாகி அழுத்தம் ஏறும், வெளியே பிளாஸ்டிக் இளகும். தையல் பிரிவது அப்போதுதான். பிள்ளைகள் சாப்பிட உள்ளே வந்தால் முதலில் விசையை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, நிழலில் வைக்கச் சொல்லுங்கள். அடைத்து நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

மஞ்சள் நீராட்டுக்குத் துப்பாக்கியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றலாம். நோம்பியின் கடைசி நாள் மாமன் மச்சான் முறைக்காரர்களைச் செம்பும் குடமுமாகத் துரத்தியது போய், இப்போது பிள்ளைகள் துப்பாக்கியோடு இறங்கிவிட்டார்கள். அதில் எங்களுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மஞ்சள்தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டிருக்கும், அப்புறம் அடியில் வண்டலாக இறங்கும். அந்த வண்டல் குண்டின் மேல் உட்கார்ந்தால் துப்பாக்கி அன்றைக்கே நின்றுவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, ஒரு மணி நேரம் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். வேப்பிலைத் துணுக்கு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. இதற்கும் பீச்சாங்குழல்தான் பொருத்தம், துளை பெரிசு.

சுண்ணாம்பு கலந்த ஆரத்தித் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். சிவப்பாக அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியின் முன்பக்கமே வெந்து புண்ணாகிவிடும். பட்டுவிட்டால் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் விடாமல் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மஞ்சள் கறை பிளாஸ்டிக்கில் பிடித்துவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கையை வலிக்கவிட வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துப்போகும். கழுவிப் பிரித்து ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் வைத்தால் பெருமளவு போய்விடும். அந்த அளவு வெயில் பிளாஸ்டிக்கைக் கெடுக்காது.

மூக்குத் துளையைப் பெரிதாக்கினால் நன்றாக அடிக்குமா?

வகையைப் பொறுத்தது. பம்பு அடிக்கும் வகையில் துளையை இரண்டு மடங்கு அகலமாக்கினால் தண்ணீர் நான்கு மடங்கு கொட்டும். தடித்த தாரை சீக்கிரம் உடையாது, அதனால் தூரமும் கொஞ்சம் கூடும், ஆனால் டேங்க் கண்மூடித் திறப்பதற்குள் காலி. விசை வகையிலும் பீச்சாங்குழலிலும் தண்ணீரைத் தள்ளுவது உங்கள் கை. துளை பெரிதானால் வேகம் குறையும், தூரமும் குறையும். அதில் கை வைக்காதீர்கள்.

எத்தனை வயதிலிருந்து கொடுக்கலாம்? அடிபடுமா?

மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். மூடியும் குண்டும் வாய்க்குள் போகும் அளவில் இருக்கின்றன. நான்கைந்து வயதுக்குச் சின்ன விசைத் துப்பாக்கி, ஏழெட்டு வயதுக்குப் பீச்சாங்குழல். முதுகு டேங்க் வாங்கும்போது எடையை நினைத்துப் பாருங்கள், இரண்டு லிட்டர் என்றால் முதுகில் இரண்டு கிலோ.

முகத்தில் அடிக்கக் கூடாது என்பதை விளையாட்டின் முதல் விதியாக வையுங்கள். பம்பு வகையும் பேட்டரி வகையும் பக்கத்தில் நின்று கண்ணில் அடித்தால் கண்ணுக்குள் ரத்தம் கட்டும் அளவுக்கு அடிபடலாம். மூன்று மீட்டருக்குள் வந்தால் கால் பக்கம்தான் அடிக்க வேண்டும். வண்டியில் போகிறவர்கள் மேல் அடிப்பதைப் பார்த்தால் அன்றைக்குத் துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுங்கள்.

கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. இதை விளையாட விடலாமா?

நியாயமான கேள்வி. லாரித் தண்ணீர் வாங்கும் வாரத்தில் நாங்களும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். மற்ற நாட்களில், விசைத் துப்பாக்கி இரண்டு மூன்று லிட்டரில் ஒரு சாயங்காலத்தையே ஓட்டிவிடும். ஓஸ் பிடித்து விளையாடினால் அது சில நொடிச் செலவு. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரியானவை வேண்டாம், உள்ளே நாறிவிடும். தென்னை வட்டப்பாத்திக்குள்ளோ வாழைக்குப் பக்கத்திலோ நின்று விளையாடச் சொல்லுங்கள், விழும் தண்ணீர் மரத்துக்குப் போகட்டும்.

டேங்குக்குள் நாற்றம் அடிக்கிறது, கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது.

தண்ணீரை உள்ளேயே விட்டு வைத்ததால் வந்த பூஞ்சை. வினிகர் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்கினால் சுவரில் ஒட்டியது கழன்று வந்துவிடும். அரிசி ஒன்றுவிடாமல் வெளியே வந்ததா என்று பாருங்கள். மூடி இல்லாமல் தண்ணீரோடு கிடக்கும் டேங்க் கொசுவுக்கும் வீடாகும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு எப்படி எடுத்து வைப்பது?

தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறுமனே சில தடவை இழுத்து உள்ளே தங்கியதையும் வெளியேற்றுங்கள். மூடியைத் திறந்தே வைத்து நிழலில் இரண்டு நாள் காயட்டும். ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தொட்டு, பேட்டரி வகையென்றால் பாதி சார்ஜில், துணிப்பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். ஓட்டு வீட்டுப் பரணிலும் ஷீட் கூரைக்கு அடியிலும் வேண்டாம், சூடு அதிகம். இப்படி வைத்த பீச்சாங்குழலைச் சில வருடம் கழித்துத் தம்பி தங்கைகள் எடுத்து விளையாடுவதைப் பார்க்கிறோம்.

இனிச் சரிசெய்யவே முடியாது என்றால்?

ஸ்பிரிங், குண்டு, வளையம், மூடி இவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த துப்பாக்கிக்கு ஆகும். வெறும் உடம்பைக் கழுவிக் காயவைத்து, வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனைக்காரர்கள் வரும்போது பிளாஸ்டிக்கோடு கொடுக்கலாம். லித்தியம் பேட்டரியை மட்டும் அதோடு சேர்க்காமல், கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டு எரிப்பது மட்டும் கூடவே கூடாது, லித்தியம் பேட்டரி தீயில் வெடிக்கும்.